'தி இல்லஸ்ட்ரேட்டட் மேன்': முதல் கதையும் கடைசிக் கதையும்

மழைக்காகம்

(கதைகளின் முடிவையெல்லாம் பேசப்போகிறேன். படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.)

அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் ரே பிராட்பரியின் இந்தச் சிறுகதைத் தொகுப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலே 'தி வெல்ட்' கதையோடு நின்றுபோகிறது. டிவி பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார் என்று ஒரு வரி, அப்புறம் வேறு பேச்சு. அந்த ஒரு வரிக்குள் அடங்குகிற புத்தகம் இல்லை இது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1951-ல் அமெரிக்காவில் டபுள்டே வெளியிட்ட தொகுப்பு, 18 கதைகள். விஸ்கான்சின் பக்கம் நடைப்பயணம் போகிற ஒருவன், கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டையோடு வெயிலில் வரும் ஒரு ஆளைச் சந்திக்கிறான். சட்டையைக் கழற்றினால் உடம்பெல்லாம் சித்திரம். இரவானதும் ஒவ்வொரு சித்திரமும் அசைந்து ஒரு கதையை நடத்திக்காட்டுகிறது. முதுகில் ஒரு இடம் மட்டும் தெளிவில்லாமல் கிடக்கும், கூட இருப்பவனின் முடிவு அங்கேதான் தெரியும்.

நான் சொல்ல வருவது இதுதான். தொகுப்பின் முதல் கதை 'தி வெல்ட்'. கடைசிக் கதை 'தி ராக்கெட்'. இரண்டிலும் இருப்பது ஒரே பொருள்: இல்லாத இடத்தை இருப்பதுபோல் காட்டுகிற திரை. முதல் கதையில் ஹாட்லி தம்பதி முப்பதாயிரம் டாலர் கொடுத்து வீடு வாங்குகிறார்கள். பிள்ளைகளின் அறையில் நாலு சுவரும் கூரையும் ஆப்பிரிக்கப் புல்வெளியாக மாறி வெயில் அடிக்கிறது, சிங்கத்தின் வாடை வருகிறது. கடைசியில் பீட்டரும் வெண்டியும் பெற்றோரை அந்த அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கடைசிக் கதையில் ஃபியோரெல்லோ போடோனி என்ற பழைய இரும்புக்காரர். செவ்வாய்க்குப் போக வேண்டும் என்று ஆசை, சேர்த்து வைத்த 3,000 டாலரில் வீட்டில் ஒருவர்தான் போகலாம். சீட்டுக் குலுக்கிப் பார்க்கிறார்கள், சீட்டு விழுந்தவனுக்கும் மற்றவர்களை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. அப்போது மாதிரிக்காகச் செய்த, பறக்கவே பறக்காத ஒரு ராக்கெட் கூடு விலைக்கு வருகிறது. வாங்கிப் போட்டு, பழைய கார் எஞ்சின்களைப் பொருத்தி அதிரவைத்து, சன்னல்களில் திரை கட்டி வண்ணப்படம் ஓட்டி, பிள்ளைகளைச் செவ்வாய் வரை 'கூட்டிப்போய்' வருகிறார்.

அதே திரை. ஒன்றில் பெற்றோர் சாகிறார்கள், இன்னொன்றில் பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்காத ஒன்றைப் பெறுகிறார்கள். பிராட்பரி இயந்திரத்தைக் கண்டு பயந்தவர் என்றால் தொகுப்பை இப்படி முடித்திருக்க மாட்டார். ஹாட்லி தன் இடத்தில் அந்த அறையை உட்கார வைத்தார். போடோனி தானே ராக்கெட் கூட்டுக்குள் ஏறிப் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். இந்தப் புத்தகத்தின் இருட்டு வீட்டுக்குள் இருந்து வருகிறது, ராக்கெட்டில் இருந்து இல்லை என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கரிசல்வாசி

நல்ல வாதம். ஆனால் முழுசாக ஏற்க முடியவில்லை அண்ணா. 'வெல்ட்' 1950 செப்டம்பரில் சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட் இதழில் வேறு தலைப்பில் வந்தது. அப்போது அமெரிக்காவில் பத்தில் ஒரு வீட்டில்கூட டிவி கிடையாது. பெட்டி நடுக்கூடத்துக்கு வருவதற்குள் இவர் கதையை எழுதிவிட்டார், அந்த முன்னறிவுக்கு மதிப்புக் கொடுக்காமல் 'அதெல்லாம் குடும்பக் கதை' என்று தள்ளிவிட முடியாது.

கதையில் அந்த வீடு என்னவெல்லாம் செய்கிறது என்று பாருங்கள். சமைக்கிறது, குளிப்பாட்டுகிறது, பல் தேய்த்துவிடுகிறது, ஷூ நாடா கட்டிவிடுகிறது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கொஞ்ச நாள் சாதாரணமாக வாழலாம் என்று அப்பா சொன்னதும் பீட்டர் பதறுகிறான், என் நாடாவை நானே கட்ட வேண்டுமா என்று. பத்து வயசுப் பையன்! என்னைப் பொறுத்தவரை அந்தக் கதையில் சிங்கத்தைவிடப் பயங்கரமான இடம் அதுதான். அங்கே குற்றவாளி அந்த வசதிதான். நல்ல தகப்பன் கையில் கொடுத்தாலும் அந்த வீடு அதைத்தான் செய்திருக்கும்.

செம்பருத்தி

கரிசல்வாசி சொல்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொன்று இருக்கிறது, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் நியூயார்க்குக்கு ராக்கெட்டில் போக வேண்டும் என்று கேட்டதை அப்பா சில மாதங்களுக்கு முன் மறுத்திருப்பார். சிங்கங்கள் வந்ததே அதற்குப் பிறகுதான். வெறுப்பு முதலில், புல்வெளி பிறகு. அறை, பிள்ளைகள் மனசில் இருந்ததைத்தான் சுவரில் காட்டியது.

அந்தப் பணப்பை! தரையில் கிடக்கிற தன் பழைய பையை அப்பா ஜார்ஜ் ஹாட்லி எடுத்துப் பார்க்கிறார். மென்று துப்பியதுபோல் இருக்கிறது, எச்சில் பட்ட ஈரம், வெயில் புல் வாசனை, ரத்தக் கறை. அவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் அவர் கதவை நிரந்தரமாகப் பூட்டவில்லை. பிள்ளைகள் அழுதார்கள் என்று மனைவி கெஞ்ச, ஒரு நிமிஷம் மட்டும் என்று திறந்துவிடுகிறார். பூட்டத் தெரியாத பெற்றோர் கதை அது. மழைக்காகம் பக்கம்தான் நான்.

பழையபுத்தகக்கடை

குறுக்கே ஒரு விஷயம். முதல் கதை கடைசிக் கதை என்று வரிசையை வைத்து வாதம் செய்கிறீர்கள், உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1952-ல் பிரிட்டனில் ஹார்ட்-டேவிஸ் போட்ட பதிப்பில் 'தி ராக்கெட் மேன்', 'தி ஃபயர் பலூன்ஸ்', 'தி எக்ஸைல்ஸ்', 'தி கான்கிரீட் மிக்ஸர்' நாலும் கிடையாது. அதற்குப் பதில் 'அஷர் II', 'தி பிளேகிரவுண்ட்' இரண்டும் உள்ளே வந்தன. நம் ஊர்ப் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கிலப் பேப்பர்பேக் என்றால் பெரும்பாலும் பிரிட்டிஷ் பதிப்பின் வழிவந்ததுதான் சிக்கும். அதனால் 'ராக்கெட் மேன் என்று ஒரு கதையே இல்லையே' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

நிலா_வாசகி

நான் அதைத்தான் கேட்க வந்தேன், நன்றி சார். என் பிரதியில் 'ராக்கெட் மேன்' இல்லை. யாராவது கதையைச் சொல்ல முடியுமா?

செம்பருத்தி

சொல்கிறேன். ஒரு பையன் சொல்கிற கதை. அப்பா ராக்கெட்டில் வேலை, மாசக்கணக்கில் விண்வெளியில் இருந்துவிட்டுக் கொஞ்ச நாள் வீட்டுக்கு வருவார். வந்தால் தோட்டத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டு, வானத்தையே நிமிர்ந்து பார்க்காமல் இருப்பார். கொஞ்ச நாள் போனதும் கண் தானாக மேலே போகும். அம்மாவுக்கு அது தெரியும். அவள் ஏற்கெனவே அவரைச் செத்தவராக வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறாள். வெள்ளியில் விழுந்து செத்தால் வெள்ளியைப் பார்க்க முடியாது, செவ்வாயில் செத்தால் செவ்வாய் சிவப்பாகத் தெரிகிற இரவெல்லாம் தாங்காது என்று எண்ணிப் பயந்துகொண்டிருக்கிறாள்.

அவர் கப்பல் சூரியனில் விழுகிறது.

அதற்குப் பிறகு தாயும் மகனும் பகல் முழுக்கத் தூங்குகிறார்கள். நடுராத்திரிக்குக் காலை உணவு, விடியற்காலை மூன்று மணிக்கு மதிய உணவு. விடிவதற்குள் படுத்துவிடுவார்கள். சூரியன் தெரியாத மழை நாளில் மட்டும் வெளியே நடக்கிறார்கள். சாவைப் பற்றி ஒரு அழுகை வசனம் கிடையாது, சாப்பாட்டு நேரத்தை மாற்றியதோடு சரி. தொகுப்பிலேயே என்னை அதிகம் பாதித்த கதை இது. அந்த நாலு கதைகளில் இதை எப்படி எடுக்க மனசு வந்தது என்று தெரியவில்லை.

எந்திரன்_மதுரை

எல்லாக் கதையையும் குடும்பத்துக்குள் அடைக்கப் பார்க்கிறீர்கள். 'தி சிட்டி' என்ன குடும்பக் கதையா? ஒரு நகரம் இருபதாயிரம் வருஷம் காத்திருந்து, வந்திறங்குகிற மனிதர்களை அறுத்து உள்ளுறுப்புகளுக்குப் பதில் கம்பியும் உலோகமும் வைத்து, கிருமிக் குண்டுகளோடு பூமிக்குத் திருப்பி அனுப்புகிறது. சுத்தமான பழிவாங்கல். 'தி லாங் ரெயின்' கதையில் குடும்பம் எங்கே? வெள்ளி கிரகத்தில் ஓயாத மழை, கப்பல் விழுந்து தப்பித்தவர்கள் சூரியக் கூடாரத்தைத் தேடி நடக்கிறார்கள், மழைத் துளி நெற்றியில் விழுந்து விழுந்து ஒவ்வொருவருக்கும் புத்தி பேதலிக்கிறது. அவ்வளவுதான்.

அப்புறம் அறிவியல். 1962 டிசம்பரில் மாரினர் 2 வெள்ளியைக் கடந்து போனபோதே அங்கே ஈயம் உருகுகிற சூடு என்று தெரிந்துவிட்டது. மழையாவது காடாவது. பிராட்பரிக்கு அறிவியல் ஒரு பொருட்டே இல்லை. ராக்கெட் என்று எழுதியிருக்கும் இடத்தில் பஸ் என்று போட்டாலும் பாதிக் கதைகள் நடக்கும். இதை அறிபுனை என்று சொல்லவே எனக்குத் தயக்கம்.

மழைக்காகம்

எந்திரன் தம்பி, 'சிட்டி' கதையை விட்டுக்கொடுக்கிறேன், எனக்கும் அது இந்தத் தொகுப்பில் ஒட்டாத கதைதான். ஆனால் வெள்ளியில் மழை இல்லை என்று தெரிந்த பிறகும் 'லாங் ரெயின்' ஏன் படிக்க முடிகிறது? அந்த மழை விடாமல் பெய்து மனுஷனின் தோல் நிறத்தையே வெளுக்க வைக்கிறது, காட்டின் நிறத்தையும் கழுவிவிடுகிறது. ஒருவன் முகத்தை வானத்துக்குத் தூக்கி வாயைத் திறந்து மழையைக் குடித்தபடியே செத்துப்போகத் தயாராக நிற்கிறான். வானிலை ஆராய்ச்சி பொய்த்தாலும் அந்த ஆள் நிற்பது பொய்க்கவில்லை. கடைசியில் லெப்டினன்ட் கண்ட கூடாரம், சூடான சாக்லேட், தலைக்கு மேல் மஞ்சள் சூரியன் எல்லாம் நிஜமா, புத்தி பேதலித்ததா? நான் நிஜம் என்றே படிக்கிறேன்.

பஸ் என்று போட்டாலும் நடக்கும் என்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். நான் அதைத்தான் என் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

தெற்குவாசல்

'கலைடாஸ்கோப்' பற்றி யாருமே பேசவில்லையே! கப்பல் பிளந்து ஆட்கள் ஆளுக்கொரு திசையில் சிதறி விழுகிறார்கள். ஒருவரை ஒருவர் பிடிக்க முடியாது, காப்பாற்ற வழியில்லை, தலைக்கவசத்து ரேடியோவில் பேச மட்டும் முடியும், அதுவும் தூரம் கூடக்கூட அறுந்துகொண்டே போகும். கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்று தெரிந்த மனுஷர்கள் என்ன பேசுவார்கள்? பிராட்பரி அவர்களைச் சண்டை போட வைக்கிறார். பழைய வேலைப் பகை, உன்னைக் கம்பெனியில் நான்தான் கவிழ்த்தேன் என்று ஒருவன் சொல்கிறான். லெஸ்பியர் என்பவன் செவ்வாயில் ஒரு மனைவி, வெள்ளியில் ஒரு மனைவி, வியாழனில் ஒரு மனைவி, பணம், சூதாட்டம் என்று தான் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லிச் சந்தோஷப்படுகிறான். கதையின் நாயகன் ஹாலிஸுக்கு வயிறு எரிகிறது. எல்லாம் முடிந்துபோச்சு, இப்போது உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று குத்துகிறான். எனக்கு நினைத்துப் பார்க்க ஏதோ இருக்கிறது என்கிறான் லெஸ்பியர். ஹாலிஸுக்குப் பதில் இல்லை.

இதற்கு நடுவில் ஒரு விண்கல் ஹாலிஸின் கையை மணிக்கட்டோடு வெட்டிக்கொண்டு போகிறது. உடையில் இருக்கிற திருகை முறுக்கி ரத்தத்தை நிறுத்திவிட்டுப் பேச்சைத் தொடர்கிறான். வலியைப் பற்றி ஒரு பத்தி எழுத இடம் இருந்தும் எழுதவில்லை. அந்தப் பேச்சுத்தான் அவனுக்கு முக்கியம்.

அந்தக் கடைசி வரிகள், பூமியில் ஒரு பையன் எரிநட்சத்திரத்தைப் பார்த்து அம்மாவைக் கூப்பிடுவது, எல்லோரும் கொண்டாடுகிற இடம். எனக்கு அதைவிட, ஒரே ஒரு நல்ல காரியமாவது செய்துவிட்டுச் சாக வேண்டும் என்று ஹாலிஸ் தவிப்பதும், செய்ய யாருமே பக்கத்தில் இல்லை என்பதும்தான் பெரிது. முடிவு கொஞ்சம் இனிப்புத் தூக்கல்.

செம்பருத்தி

இனிப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பையனுக்கு ஹாலிஸ் யாரென்றே தெரியாது. ஹாலிஸுக்கும் தன்னை ஒருவன் பார்த்தான் என்று தெரியாது. ஆறுதல் வாசகனுக்கு மட்டும் கிடைக்கிறது, செத்தவனுக்குக் கிடைக்கவில்லை. அதில் என்ன இனிப்பு?

மழைக்காகத்திடம் எனக்கு வேறொரு கேள்வி. போடோனி நல்ல தகப்பன், சரி. அவர் மனைவி மரியா? கடைசிச் சேமிப்பையெல்லாம் பறக்காத கூட்டில் போட்டபோது அவளைக் கேட்டாரா? பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கதவைச் சாத்தும்போது, புருஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, பிள்ளைகளைக் கொல்லப் போகிறான் என்று நினைத்து அவள் வெளியே நிற்கிறாள். 'ராக்கெட் மேன்' அம்மா வீட்டிலேயே காத்திருக்கிறாள். 'ஸீரோ அவர்' கதையில் வேற்றுலகவாசிகள் குழந்தைகளை வசியம் பண்ணிப் படையெடுக்கிறார்கள், அம்மாவுக்கு எல்லாம் கண்முன்னே நடக்கிறது, 'ஏதோ விளையாட்டு' என்று நினைத்துக்கொண்டு வீட்டு வேலை பார்க்கிறாள். குடும்பத்தைப் பற்றிய புத்தகம் என்றால் அந்தக் குடும்பத்தில் பெண்ணுக்கு என்ன இடம் என்பதையும் பேச வேண்டும்.

கரிசல்வாசி

'மேரியனெட்ஸ் இங்க்' கதையில் ஒரு பெண் தப்பிக்கிறாள் அக்கா. பிராலிங் தன்னைப்போலவே ஒரு பொம்மையை வாங்கி மனைவியோடு விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறான். நண்பன் ஸ்மித்துக்கும் ஆசை வந்து வங்கிக் கணக்கைப் பார்த்தால் பத்தாயிரம் டாலர் காணோம். தூங்கிக்கொண்டிருக்கும் மனைவி நெட்டியின் நெஞ்சில் காதை வைக்கிறான். டிக் டிக் என்று கேட்கிறது. நிஜ நெட்டி எங்கேயோ போய்விட்டாள், எப்போது போனாள் என்றே அவனுக்குத் தெரியாது. அதற்குமுன் அவள் ரொம்பப் பாசமாக இருக்கிறாள், மூச்சு விட இடமில்லை என்றல்லவா அவன் அலுத்துக்கொண்டிருந்தான்!

செம்பருத்தி

ஆமாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அவள் எங்கே போனாள், என்ன செய்கிறாள் என்று எழுத பிராட்பரிக்குத் தோன்றவில்லை. அவள் போன பிறகு நடந்த கதையைத்தான் நான் படிக்க வேண்டும்.

தோழர்_கதிர்

இன்னொரு கதையை யாரும் தொடவில்லை: 'தி அதர் ஃபுட்'. கறுப்பினத்தவர் எல்லோரும் செவ்வாயில் குடியேறி இருபது வருஷம். பூமியில் இருந்து வெள்ளைக்காரன் ஒருவன் ராக்கெட்டில் வருகிறான் என்று சேதி. வில்லி என்பவன் கயிற்றை எடுக்கிறான், டிராமில் வெள்ளையருக்குப் பின்பக்கம் என்று பெயிண்ட் அடிக்க வைக்கிறான். வருகிற கிழவர், பூமியே போரில் எரிந்துபோச்சு என்கிறார். வில்லியின் அப்பாவைத் தூக்கில் போட்ட அந்த அலபாமா ஊர், அந்த மரம் எல்லாம் அழிந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். அழிந்துவிட்டது என்றதும் கயிறு கையைவிட்டு நழுவுகிறது.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் நிறப் பிரிவினை சட்டமாக இருந்த காலத்தில் ஒரு வெள்ளை எழுத்தாளர் இதை எழுதியது பெரிய காரியம்தான். ஆனால் மன்னிப்பு இவ்வளவு சீக்கிரம் வருமா? மன்னிக்க வேண்டிய பாரத்தை மறுபடியும் அடிபட்டவன் தலையிலேயே வைத்துவிட்டு, அவன் மன்னித்ததும் கதை நிம்மதியாகிறது. எனக்கு அந்த நிம்மதி பிடிக்கவில்லை. மரம் எரிந்ததும் வில்லி தளர்கிற அந்த ஒரு இடம் மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. எங்கே நடந்ததோ அந்த இடமே இல்லாமல் போனால் கோபம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

பழையபுத்தகக்கடை

1969-ல் படமாகவும் வந்தது, ஜாக் ஸ்மைட் இயக்கம், உடம்பெல்லாம் சித்திரத்தோடு ராட் ஸ்டைகர். மூன்று கதைகள்தான் எடுத்தார்கள்: 'வெல்ட்', 'லாங் ரெயின்', 'தி லாஸ்ட் நைட் ஆஃப் தி வேர்ல்ட்'. மூன்றாவதைத்தான் பாழாக்கினார்கள். கதையில் ஒரு கணவனும் மனைவியும் காபி குடிக்கிறார்கள், பெண் குழந்தைகள் பக்கத்தில் விளையாடுகிறார்கள். இன்றோடு உலகம் முடிகிறது, பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே கனவு வந்திருக்கிறது. அலறல் இல்லை, ஓட்டம் இல்லை. பாத்திரம் கழுவி அடுக்குகிறார்கள், பிள்ளைகளைத் தூங்க வைக்கிறார்கள். படுத்த பிறகு அவள் எழுந்துபோய் சமையலறைக் குழாயை மூடிவிட்டு வருகிறாள். படத்தில் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்துக் கொல்ல வைத்து, விடிந்தால் உலகம் அப்படியே இருப்பதாகக் காட்டினார்கள். அதிர்ச்சி வேண்டும் என்று நினைத்துக் கதையின் உயிரையே எடுத்துவிட்டார்கள்.

மழைக்காகம்

குழாயை மூடுகிற இடத்தை எடுத்துச் சொன்னதற்கு நன்றி சார். என் வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. உலகம் முடிகிற கதையில்கூட அவர் கேமரா சமையலறையைவிட்டு வெளியே போகவில்லை.

இந்தப் புத்தகம் உருவான சூழலையும் சொல்கிறேன். 1949-ல் பிராட்பரி லாஸ் ஏஞ்சலஸில் இருந்து பஸ் பிடித்து நியூயார்க் போனார், ஒய்எம்சிஏ விடுதியில் தங்கினார். கையில் காசில்லை, மனைவி மார்கரீட் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த சமயம். பதிப்பகங்கள் நாவல் கேட்டன, இவரிடம் இருந்தது சிறுகதைகள். டபுள்டே பதிப்பாசிரியர் வால்டர் பிராட்பரி (உறவுக்காரர் இல்லை, பெயர் ஒற்றுமைதான்) செவ்வாய்க் கதைகளை ஒரு புத்தகமாகக் கோக்கச் சொன்னார், இரண்டாவதாக இந்தத் தொகுப்புக்கும் ஒப்புக்கொண்டார். இரண்டுக்கும் சேர்த்து 1,500 டாலர் முன்பணம். அப்பா ஆகப்போகிற, அப்பா ஆன ஒரு மனுஷன் கோத்த தொகுப்பு இது. தகப்பன் என்ன ஆவான் என்ற பயம் கதைக்குக் கதை வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

செம்பருத்தி கேட்டது நியாயம். போடோனி மரியாவைக் கேட்கவில்லை. கடைசியில் அவளாகவே புரிந்துகொண்டு, ஒரு நாள் என்னையும் சின்னதாக ஒரு பயணம் கூட்டிப்போவீர்களா என்று கேட்கிறாள். நான் அதை அழகான முடிவு என்றே இதுவரை எடுத்துக்கொண்டேன். நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள்?

செம்பருத்தி

அழகுதான். ஆனால் அவள் கேட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வருகிறது என்பதையும் சேர்த்தே படிக்கிறேன். சின்னதாக ஒன்று போதும் என்கிறாள் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஏழு நாள், அவளுக்கு ஒரு சின்னப் பயணம்.

எந்திரன்_மதுரை

'ஸீரோ அவர்' கதையை நேற்று ராத்திரி மறுபடி படித்தேன். மழைக்காகம் அண்ணா கட்சியில் சேரவில்லை, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடைசியில் பெற்றோர் மாடியறையில் பதுங்கியிருக்கும்போது மகள் மிங்க் படியேறி வந்து, பூட்டு உருகி, கதவைத் திறந்து 'பீக்கபூ' என்கிறாள். அந்தக் குழந்தை கோபமாக இல்லை, சந்தோஷமாக இருக்கிறாள். 'வெல்ட்' பிள்ளைகளுக்கு வெறுப்பாவது இருந்தது. மிங்குக்கு அம்மா மேல் எந்த வெறுப்பும் கிடையாது, அம்மா தன்னோடு விளையாட வரவில்லை, வேற்றுலக நண்பன் டிரில் வந்தான், அவ்வளவுதான். இதற்கு யாரும் குற்றவாளி சொல்ல முடியுமா?

நிலா_வாசகி

என் பிரதியில் இருக்கும் 'தி பிளேகிரவுண்ட்' கதையையும் நீங்கள் எல்லோரும் தேடிப் படியுங்கள். மகன் விளையாட்டுத் திடலில் மற்றப் பிள்ளைகளிடம் அடிபடுவதைத் தாங்க முடியாத ஒரு அப்பா, மகனுக்குப் பதில் தானே அந்தத் திடலுக்குள் போய்விடுகிறார். போடோனி, ஹாட்லி இரண்டு பேரோடும் சேர்த்து வைத்துப் பேச வேண்டிய ஆள். வார இறுதியில் விரிவாக எழுதுகிறேன்.